இரவல் ஐஸ்பெட்டி

மகளை ஆன்டி வீட்டில் விட்டுவிட்டுக் கிள்ளானில் ரயில் ஏறியதும் முதல் மெசேஜ் அனுப்புவேன்: “அழுறாளா?” ஷா ஆலம் வரும்போது அடுத்தது: “பால் குடிச்சாளா?” சுபாங் ஜெயாவில் ஒரு கேள்விக்குறி மட்டும். பதில் வராது. ஆன்டி சம்பளத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர், அதில் கெட்டிக்காரர், ஆனால் போனை எங்கே வைத்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு நடக்கும் தூரம் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒருமுறை சிக்னல் கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

என் வேலை, முன்பின் தெரியாதவர்களுக்குச் சில நிமிடங்களுக்குள் பதில் எழுதுவது. வீட்டுச் சாமான்கள் விற்கும் கம்பெனி அது. ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், அடுப்பு. முன்பெல்லாம் போன் போட்டுத் திட்டுவதற்கு ஒரு நம்பர் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனியின் இணையப் பக்கத்தில் கமென்ட் போடலாம், அல்லது தனிச் செய்தி அனுப்பலாம். கமென்டை ஊரே பார்க்கும். தனிச் செய்தியை நாங்கள் மட்டும் பார்ப்போம். வித்தியாசம் அவ்வளவுதான் என்று வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, வித்தியாசம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

கமென்ட் வந்தால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். “வருந்துகிறோம், உடனே கவனிக்கிறோம்” என்று எழுத வேண்டும். எழுதத் தாமதமானால் மேற்பார்வையாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். தனிச் செய்திக்கு விளக்கு கிடையாது. அது வரிசையில் கிடக்கும். வரிசை நீண்டுகொண்டே போகும்.

பழுதான ஐஸ்பெட்டிக்குப் பாகம் வரும்வரை வாடிக்கையாளருக்குக் கொடுத்து வைக்க எங்களிடம் சில பெட்டிகள் இருந்தன. பக்கத்து மேசைத் தம்பி அவற்றுக்கு ‘இரவல் பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தான். அந்தப் பெட்டிகள் எங்கள் பிரிவின் கையில் இல்லை. மேல்மாடியில் இருந்த விளம்பரப் பிரிவின் கையில் இருந்தன. அதனால் அவை ஊர் பார்க்கும் புகார்களுக்கு மட்டுமே போகும். எனக்கு இது முதலில் விசித்திரமாகத் தெரியவில்லை. எந்த அலுவலகத்தில்தான் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது?

அந்த வாரம் அம்பாங்கில் ஒரு பெண், சமையல் வீடியோ போடுகிறவர், தன் புது ஐஸ்பெட்டி ‘உறுமுகிறது’ என்று ஒரு வீடியோ போட்டார். உண்மையில் அது கொஞ்சம் முனகியது. சாயங்காலத்துக்குள் இரவல் பெட்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. மூன்று முறை மன்னிப்பு எழுதியவள் நான்தான். மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதே நாளில்தான் பந்திங்கிலிருந்து ஓர் அக்காவின் குரல் செய்திகள் வரிசையில் கிடப்பதைப் பார்த்தேன். அவர் எழுதவில்லை, பேசியிருந்தார். ஒவ்வொரு குரல் செய்திக்கும் கீழே தானாகப் பதில் போடும் எங்கள் ரோபோ, “குரல் செய்தியை ஏற்க இயலாது, எழுத்தில் அனுப்பவும்” என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் போட்டிருந்தது. அவர் மறுபடியும் பேசியிருந்தார். அது மறுபடியும் அதையே சொல்லியிருந்தது. சுவரோடு பேசுகிற மாதிரிதான்.

ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டேன். பின்னணியில் மோட்டார் சைக்கிள் போனது, கோழி கத்தியது.

“வணக்கம்மா. ஐஸ்பெட்டி சில்லுனு ஆகவே மாட்டேங்குதும்மா. ஆளு வந்து பாத்தாரு, சாமான் வரணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வாரண்டி இருக்கு. எனக்குக் கறி மீனெல்லாம் பிரச்சினை இல்லம்மா. உள்ள மருந்து இருக்கு. கொஞ்சம் பாத்து சீக்கிரம் செய்யுங்கம்மா.”

நான் தமிழில் எழுதினேன்: “என்ன மருந்து அக்கா?”

பதில் உடனே வந்தது. குரல் தாழ்ந்திருந்தது. “அது வேணாம்மா. மருந்துன்னு மட்டும் எழுதிக்குங்க.”

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கெட்டவர் இல்லை. “மருந்தா? அப்படியென்றால் டாக்டர் கடிதம் வேண்டும்,” என்று ஆங்கிலத்தில் சொன்னவர், என் முகத்தைப் பார்த்து, “கடிதம் இல்லையென்றால் வரிசைதான்லா. எல்லாரும் மருந்து என்று சொல்வார்கள்,” என்று சேர்த்துக்கொண்டார்.

மேசைக்குத் திரும்பியபோது தம்பி நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

“என்னக்கா, மூஞ்சி தொங்குது?”

சொன்னேன்.

“சிம்பிள்க்கா. பேஜ்ல போடச் சொல்லுங்க. திறந்த ஐஸ்பெட்டி ஒரு போட்டோ, புள்ளை அழற மாதிரி ஒரு போட்டோ. அரை நாள்ல பெட்டி வீட்டுல.”

“சும்மா இருடா.”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? அம்பாங் அக்காவோட பெட்டி உறுமுச்சு, நம்ம ஓடுனோம். பந்திங் அக்கா மெதுவா பேசுறாங்க, நம்ம உக்காந்திருக்கோம். இங்க சத்தம்தான்க்கா கணக்கு.”

அவன் கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குப் போய் என் சொந்தப் போனிலிருந்து அந்த அக்காவைக் கூப்பிட்டேன். சொந்தப் போனில் வாடிக்கையாளரைக் கூப்பிடக் கூடாது என்பது விதி. ஒலிக்கும்போதே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் எடுத்துவிட்டார்.

கம்பெனிக்காரி போனில் பேசுகிறாள் என்பதை நம்பவே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னார். மகளுக்குப் பதினான்கு வயது. சின்ன வயதிலிருந்தே இனிப்பு நீர். தினமும் இன்சுலின் ஊசி. மருந்து பேனா வடிவ ஊசியில் வரும். பிரித்த பேனா வெளியில் இருக்கலாம், பிரிக்காதவை குளிரில் இருந்தாக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் மொத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் கடிதம் கேட்டால் அதில் நோயின் பெயர் இருக்கும், அது வேண்டாம் என்றார்.

“அக்கா, நான் சொல்றேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எங்க பேஜ்ல ஒரு கமென்ட் போடுங்க. இப்படி மருந்து இருக்குன்னு. உடனே நடக்கும்.”

அந்தப் பக்கம் கதவை மூடும் சத்தம் கேட்டது.

“அக்கா?”

“வேணாம்மா.”

“ஏன்க்கா? ரெண்டு வரிதான். நானே எழுதித் தரேன்.”

“பொம்பளப் புள்ளைம்மா. எங்க சொந்தக்காரங்க பூரா அதுலதான் கெடக்குறாங்க. இன்னிக்குப் போட்டா நாளைக்கு பாசார்ல காய் வாங்கப் போனா கேப்பாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வந்தா, ‘ஆமா, அந்தச் சீக்குக்காரப் புள்ளையா’ம்பாங்க. இது என் மாமியார் வீட்டுக்கே தெரியாதும்மா. ஸ்கூல்ல டீச்சருக்கு மட்டும்தான் தெரியும்.”

படித்தவள் நான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பிறகு என் மகளை நினைத்தேன். அவளுக்குப் பிறந்த சில மாதத்தில் வலிப்பு வந்தது. காய்ச்சலால் வந்ததுதான், அதற்குப் பிறகு வரவே இல்லை. அதை நான் என் கணவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

“அப்ப மருந்தை இப்ப எங்க வச்சிருக்கீங்க?”

அவர் சிரித்தார். “பக்கத்து வீட்டுல. ஆப்ப மாவுக்குப் போடற ஈஸ்ட்டுன்னு சொல்லிக் குடுத்திருக்கேன். பேப்பர்ல நல்லா சுத்தி, டப்பால போட்டு, டேப் ஒட்டி.”

“நம்பிட்டாங்களா?”

“எங்கேம்மா! ‘என்னாடி, ஆப்பக் கடை போடப்போறியா, இவ்ளோ ஈஸ்ட்டு?’ன்னு கேக்குறா.”

நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்தபோது மனப்பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்து குளிரில் இருக்கிறது, பாகம் வந்துவிடும், வரிசை நகரும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்ப யோசித்தேன். வேறு பெயரில் நானே ஒரு கமென்ட் போட்டால் என்ன? ஊர், பேர் எதுவும் சொல்லாமல்? எழுதினேன். ஊர் இல்லாமல் அதைக் கம்பெனி எந்த வீட்டோடு சேர்க்கும்? ஊரைச் சேர்த்தேன். பந்திங், பதினான்கு வயதுப் பெண் என்றதும் அது அந்தப் பிள்ளையின் முகமாகவே ஆகிவிட்டது. அழித்தேன். பெட்டாலிங்கில் மறுபடி எழுதி ஷா ஆலத்தில் மறுபடி அழித்தேன்.

ஆன்டி வீட்டில் மகள் வாசலிலேயே உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஆன்டி என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

“ஏம்மா, எத்தனை மெசேஜ்? நான் புள்ளையப் பாப்பேனா, போனைப் பாப்பேனா?”

“ஒரு வார்த்தை போட்டா போதும் ஆன்டி. ‘நல்லாருக்கா’ன்னு.”

“நல்லா இல்லன்னாதாம்மா நான் போடுவேன். போடலன்னா நல்லாருக்கான்னு அர்த்தம்.”

எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பேசாமல் இருப்பவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் எங்கள் கம்பெனியும் நம்பிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரத் தொடக்கத்தில் பந்திங்கிலிருந்து மறுபடி குரல் வந்தது, என் சொந்தப் போனுக்கே. இந்த முறை கோழிச் சத்தம் இல்லை. அழுகை மட்டும்.

பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல மனது உள்ளவர். ஈஸ்ட் உறைபெட்டியில் இருந்தால் நாள்பட இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். டப்பாவை எடுத்து மேலே, ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். இன்சுலின் உறைந்தால் வீண். இந்த அக்கா போய்த் திறந்து பார்த்தபோது எல்லாம் கல்லாகியிருந்தது. அந்த அம்மாளிடம் கோபப்படவும் முடியவில்லை. ஈஸ்ட்டுக்காக யாராவது அழுவார்களா? சிரித்த முகத்தோடு நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார்.

“கையில இருக்கிற பேனா இன்னும் கொஞ்ச நாளைக்குத்தாம்மா வரும். கிளினிக்ல மறுபடி தரேன்னு சொன்னாங்க. ஆனா நர்ஸ் மிஸ்ஸி திட்டிட்டாங்க. ‘வைக்க இடம் இல்லாம வாங்கிட்டுப் போயி என்ன செய்வீங்க, முதல்ல ஐஸ்பெட்டியைப் பாருங்க’ன்னாங்க.” மூச்சை இழுத்துக்கொண்டார். “சரிம்மா. நீங்க எழுதிக் குடுங்க. நான் போடுறேன். என்ன ஆனாலும் ஆவட்டும்.”

அடுத்த செய்தி வேறு குரல். மெல்லிய, வேகமான குரல். “அக்கா, நான் அவங்க மகள் பேசுறேன். அம்மா சொல்றதைக் கேக்காதீங்க. ப்ளீஸ், எழுதிக் குடுக்காதீங்க. என் கிளாஸ் புள்ளைங்க எல்லாம் பாப்பாங்க.”

இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தாய் போடச் சொல்கிறாள், மகள் வேண்டாம் என்கிறாள். நான் எழுதிக் கொடுத்தால் இன்று மாலைக்குள் பெட்டி போய்விடும். எழுதாமல் போனால்? அந்தப் பேனா தீர்ந்துபோனால்? அதற்குள் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. யாரோ ஒருவர் அடுப்பின் நிறம் படத்தில் இருந்த மாதிரி இல்லை என்று எழுதியிருந்தார். அவருக்கு வருத்தம் தெரிவித்தேன். பிறகு எழுந்து, போனைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன்.

“இதைக் கேளுங்கள்.”

“எனக்குத் தமிழ் புரியாதே.”

“பரவாயில்லை, கேளுங்கள்.”

ஓடவிட்டேன். அந்த அலுவலகத்தில் வாடிக்கையாளர் ஒருவரின் குரல் கேட்டது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். தம்பி திரும்பிப் பார்த்தான். மேற்பார்வையாளர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “என்ன வேண்டும் இவருக்கு?”

“வீட்டில் பிள்ளையின் மருந்து. குளிரில் இருக்க வேண்டியது. என்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன். கடிதமும் கேட்க மாட்டேன். அவர் நம் இணையப் பக்கத்தில் போட்டால் நாம் ஓடுவோம். போடாமல் கேட்கிறார். அதுதான் அவர் செய்த குற்றம்.”

வேலை போய்விடுமோ, வீட்டுக் கடன், ஆன்டிக்கு மாதச் சம்பளம் என்று மனம் ஓடியது. அவர் என்னையே பார்த்தார். பிறகு மேல்மாடி விளம்பரப் பிரிவுக்குப் படியேறிப் போனார். இறங்கி வந்தபோது, “நாளைக் காலை பெட்டி போகும். சந்தோஷமா?” என்றார்.

“அக்கா, கலக்கிட்டீங்க,” என்றான் தம்பி. “இனிமே நான்கூட மெதுவாத்தான் பேசப்போறேன்.”

பெட்டி போனது. மறுநாள் மதியம் என் திரையில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. இரவல் ஐஸ்பெட்டிக்கு ஒரு பக்கம் பெட்டி கொண்டுபோன ஆட்கள், மறுபக்கம் நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஒரு பெண். முதல் முறையாக அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மகள் படத்தில் இல்லை. ஆனால் மேலே எழுதியிருந்தார்கள்: நோயுற்ற குழந்தையின் மருந்துக்காக ஓடோடிச் சென்றோம், உங்கள் குடும்பம் எங்கள் குடும்பம்.

இரவல் பெட்டி விளம்பரப் பிரிவின் கையில் இருந்தது. பெட்டி கேட்டால் அவர்கள் காரணம் கேட்பார்கள். காரணம் கிடைத்தால் படம் எடுப்பார்கள். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை? அந்த ஆட்கள் படம் எடுத்தபோது அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். பெட்டி கொண்டுவந்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

கீழே இதயங்கள், கைதட்டல்கள். நடுவில் தமிழில் ஒரு கமென்ட்: “அண்ணி, யாருக்கு உடம்பு சரியில்ல? பாப்பாவுக்கா?”

அதற்குச் சில நிமிடங்களில் பதில் எழுத வேண்டியவள் நான். எழுதவில்லை. மேல்மாடிக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் என்னைவிட இளையவள், முதலில் புரியாமல் விழித்தாள். “இந்த மாதத்தில் நல்லா போற போஸ்டே இதுதான்,” என்றாள். அவர்களிடம் அனுமதி கேட்டீர்களா என்றேன். “கேட்டாங்க, அவங்க சிரிச்சாங்களே?” என்று படத்தைக் காட்டினாள். அந்தப் படத்தில் அக்கா சிரிக்கவே இல்லை. மேற்பார்வையாளரும் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார். அவர் வந்து, “எடு, இப்பவே எடு,” என்று சொன்ன பிறகுதான் படம் போனது. எத்தனை பேர் பார்த்தார்களோ, எத்தனை போன்களில் பதிந்ததோ. வாடிக்கையாளரைக் கேட்காமல் படம் போடக் கூடாது என்று விதி வேண்டும் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். ஆலோசிப்பதாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் நாங்கள் எழுதி அனுப்பும் அதே வரி.

மாடிப்படிக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, மன்னிச்சிடுங்க. அந்தப் படம்...”

“பாத்தோம்மா. அவ அத்தை, என் நாத்தனார், அதுக்குள்ள போன் போட்டுட்டா. யாருக்கு மருந்து, என்னா சீக்கு, ஏன் எங்ககிட்ட சொல்லலன்னு ஒரே கேள்வி.”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“எனக்குத்தான்னு சொல்லிட்டேன்.”

“உங்களுக்கா?”

“எனக்கு இனிப்பு நீர், ஊசி போடறேன், கம்பெனிக்காரன் புள்ளைக்குன்னு தப்பா போட்டுட்டான்னு சொல்லிட்டேன். எனக்கு என்னாம்மா? கல்யாணமும் ஆயிடுச்சு, புள்ளையும் பொறந்தாச்சு. என்னைய யாரு பொண்ணு கேட்டு வரப்போறா?”

பின்னாலிருந்து அந்த மெல்லிய குரல் கேட்டது. “அப்ப தீபாவளிக்கு நீ அத்தை வீட்டுல ஒரு பலகாரமும் தொட முடியாதுலாம்மா!”

“ஐயோ, ஆமாம்லா! அவ செய்யற நெய்யுருண்டை...” அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அத்தை இந்த ஞாயித்துக்கிழமை என்னைய பாக்க வராளாம்மா. சீக்குக்காரியப் பாக்க வராளாம்.”

“மருந்து?”

“வாங்கிட்டு வந்துட்டேன். நல்லா சில்லுனு இருக்கு. மேலயெல்லாம் இல்ல, நடுத் தட்டுல. டப்பால கிளினிக்ல ஒட்டுன பேரு இருந்துச்சு, அவ பேரு. அதைப் பிச்சிட்டு என் பேரை எழுதி ஒட்டிட்டேன்.”

பிள்ளை ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. அக்கா, “சும்மா இருடி, நான் பாத்துக்கறேன்,” என்றார்.